மறதி வந்தவர்க்கும் சுயமரியாதை உண்டு

(புதுக்கோட்டை ஜில்லா, ஆலங்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் தையற்கடைத் தோழர் ஒருவர் பேசியது.)



நான் பிரசங்கி அல்ல. 40 வருஷம் தையல் மெஷினுக்கு முன் குனிந்து உட்கார்ந்து காலம் தள்ளியவன். கடவுளைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் பேச இந்த மேடையில் என்னைவிட வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால் நான் என் வீட்டில் இரண்டு வருஷமாய் நடந்து வரும் ஒரு காரியத்தைப் பற்றி மாத்திரம் பேசலாமென்று வந்திருக்கிறேன். அது என் மனைவிக்கு வந்திருக்கும் மறதியைப் பற்றியதாகும்.

வீட்டு விஷயத்தை மேடையில் பேசலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஆறு மாதம் வரை அதை மூடி மூடி வைத்தேன். அதனால் கெடுதி வந்ததே தவிர ஒரு நன்மையும் வரவில்லை. அன்றியும், அவளைக் கேட்காமல் நான் இங்கு பேச வரவில்லை. கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: “பேசுங்க. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க.” அந்த உத்தரவுக்கு உட்பட்டே பேசுகிறேன்.

நான் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஆலோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

ஆரம்பம்

எங்களுக்குக் கலியாணமாகி 38 வருஷமாகிறது. அவளுக்கு வயது இப்போது 61. இந்த ஜில்லாவில் 1991-ஆம் வருஷம் அறிவொளி இயக்கம் தொடங்கிய போது அவள் எங்கள் தெருப் பெண்களுக்கு ராத்திரி வேளையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அந்த நாளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்களல்லவா, அவர்களில் அவளும் ஒருத்தி. பெண் சைக்கிளில் ஏறினால் ஊர் கெட்டுப் போகும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஊர் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அன்று முதல் முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் தோட்டத்துப் பூவை விடியற்காலையில் பறித்து, சைக்கிளில் கட்டி, கீரமங்கலம் கமிஷன் கடைக்குக் கொண்டு போய்ப் போட்டு வந்தவள் அவளே. இன்ன தேதியில் மல்லிகை இத்தனை கிலோ, இன்ன விலை, கமிஷன் போக இவ்வளவு என்பதெல்லாம் அவள் மண்டைக்குள்ளேயே இருக்கும். நோட்டுப் புஸ்தகம் எனக்குத்தான் வேண்டும், அவளுக்கு வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு கணக்குத் தவற ஆரம்பித்தது. ஒரே சேதியை ஒரு நாளில் நாலு தரம் சொன்னாள். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது, மறுநாள் விழவேயில்லை. சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, வேறு யாரோ எடுத்து விட்டதாகச் சொன்னாள். வயதானால் இப்படித்தான் என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பூப்போட்டுவிட்டு வருகிறவள் உச்சிப்பொழுதாகியும் வரவில்லை. கீரமங்கலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோட்டில் ஒரு முக்கு உண்டு. ஆயிரக்கணக்கான தடவை அவள் திரும்பிய முக்கு அது. அந்த இடத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பார்த்து, “என்ன அப்பத்தா, இங்கே நிக்கிறீய?” என்று கேட்டதற்கு, “வீட்டுக்கு எந்தப் பக்கம்டா தம்பி?” என்று கேட்டிருக்கிறாள். அவன்தான் கூட்டி வந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நாலு பேர் நிற்கும்போதே, “உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?” என்று கத்தினேன். பயத்தினால் கத்தினேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேட்டவளுக்கு அது என் பயம் என்று எப்படித் தெரியும்? அன்று முதல் அவள் பேச்சு குறைந்தது. தப்பாய்ச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, தெரிந்ததையும் சொல்லாமல் இருக்க ஆரம்பித்தாள். மறதி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சந்தான். அந்த மாதம் அதைவிட அதிகமாய் எடுத்துக்கொண்டவன் நானேயாவேன்.

கோடங்கியும் டாக்டரும்

பிறகு சொந்தக்காரர்கள் வந்து கூடினார்கள். உச்சிவேளையில் முக்கில் நின்றபடியால் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர். முன்ஜென்ம பாவம் என்றார்கள் சிலர். இந்த இயக்கத்தில் 30 வருஷமாய் இருக்கிற நான் என்ன செய்திருக்க வேண்டும்? தடுத்திருக்க வேண்டும். ஆனால் மனம் கலங்கிப் போன நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். கோடங்கி வந்தான், உடுக்கை அடித்தான், வேப்பிலையால் அவள் முகத்தில் வீசி, “நீ யார்? உன் பேரென்ன? சொல்!” என்று அதட்டினான். அவளோ தன் சொந்தப் பெயரையே மெள்ளச் சொன்னாள். பேய் தன் பேரைச் சொல்லவில்லை என்று அவனுக்குக் கோபம்! அவள் சொன்ன பேர் சரியான பேர் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். சாவி மறுபடியும் அரிசிப் பானைக்குள்ளேயே கிடந்தது.

இது என் வீட்டுக் கதை. இதைவிடக் கொடிய கதை நமக்கு அடுத்த ராமநாதபுரம் ஜில்லாவில் நடந்திருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், குணமாகுமென்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தபடியால் தீயிலிருந்து ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். புத்தியில் வரும் வியாதி வியாதியல்ல, பேயென்றும் சாபமென்றும் நினைக்கிற தேசத்தில் இது நடக்காமல் வேறென்ன நடக்கும்?

அந்தக் கோடங்கி போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. புதுக்கோட்டைக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அதட்டவில்லை. முதலில் அவளை உட்கார வைத்து அவளிடமே பேசினார். தேதி, கிழமை, ஊர் கேட்டார். மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு என்னிடம், இது எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா மெள்ளமெள்ளவா, விழுந்து தலையில் அடிபட்டதுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று விசாரித்தார். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, உப்புச் சத்து, பி12 என்னும் வைட்டமின் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். காதைப் பரீட்சித்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

இவ்வளவும் எதற்காக என்றால், மறதி என்பது ஒரே வியாதி அல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். பி12 குறைந்தாலும் வரும். சில தூக்க மாத்திரைகளாலும், குடியினாலும், தீராத மனச்சோர்வாலும் வரும். கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டி நின்றாலும் வரும். காது மந்தமானவர்கள் சொன்னதை மறந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் காதில் அது விழுந்தேயிருக்காது. இவைகளில் பலவற்றைச் சரிப்படுத்தலாம். கோடங்கிக்குக் கொடுத்த நாட்களில் இப்படிச் சரிப்படக்கூடிய ஒன்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ!

என் மனைவிக்கு பி12 குறைவாயிருந்தது, காதும் மந்தமாயிருந்தது. ஊசி போட்டு, காதுக்கு மெஷின் வைத்த பிறகு ஓரளவு தெளிவு வந்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாய் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார்: “இது ஆரம்ப மறதி. சிலருக்கு இது வருஷக்கணக்கில் இப்படியே நிற்கும். சிலருக்குக் குறையவும் கூடும். சிலருக்கு முற்றி டிமென்ஷியா என்ற நிலைக்குப் போகும். இப்போதே இன்னதென்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கொரு தரம் வாருங்கள்.” தெரிந்ததைத் தெரியுமென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் அவர் சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவருக்கு நமஸ்காரம் சொல்லலாம். தெரியாது என்று எந்தக் கோடங்கியாவது சொல்லியிருக்கிறானா?

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: “நான் உங்களையே மறந்துட்டா என்னங்க செய்வீங்க?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி சோறு வடிக்க நானே போனேன். 38 வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கையைச் சுட்டுக்கொண்டேன்.

தலையெழுத்து எங்கே?

இதைத் தலையெழுத்து என்கிறார்கள். தோழர்களே! தலையைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லுகிறேன்.

1901-ஆம் வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஆகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அவள் புருஷன் அழைத்து வந்து சேர்த்தான். அவன் ரெயில்வேயில் ஒரு குமாஸ்தா. அவளுக்கு மறதி, சந்தேகம், இடம் தெரியாத தடுமாற்றம். அங்கு அல்சைமர் என்ற டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விகளையும் அவள் சொன்ன பதில்களையும் எழுதி வைத்தார். 1906-இல் அவள் இறந்து போன பிறகு, அவர் அவளுடைய மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அங்கே பிரம்மன் எழுதிய எழுத்து ஒன்றும் காணப்படவில்லை. மூளையின் அணுக்கள் செத்துக் குறைந்திருந்தன. அணுக்களுக்கு வெளியே ஒருவிதமான படிவுகளும், உள்ளே சிக்கு விழுந்த நூல் போன்ற முறுக்குகளும் காணப்பட்டன. அந்த வருஷம் நவம்பரில் ஒரு வைத்தியர் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னார். 1910-இல் அந்த வியாதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. நூல் சிக்கானால் மெஷின் ஓடாது என்பது எனக்குத் தெரியும். மெஷின் ஓடாததற்கு, தைக்கிறவன் முன்ஜென்மத்தில் செய்த பாவமே காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா?

அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்த ரீகனுக்கும் இதே வியாதி வந்தது. 1994-இல் அவரே அதை ஜனங்களுக்குக் கடிதம் எழுதி வெளிப்படுத்தினார். ஜனாதிபதியே வெளியில் சொல்லலாமென்றால் நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நம் நாட்டில் 2023-இல் வெளியான ஒரு கணக்குப்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமாக, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணங்களைவிடக் கிராமங்களுக்கும் அதிகம் என்று அந்தக் கணக்கே சொல்லுகிறது. ஏன் அப்படி? 2024-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையின் கமிஷனார் இந்த வியாதிக்குக் காரணமாகக்கூடிய, நாம் மாற்றக்கூடிய 14 சங்கதிகளைச் சொன்னார்கள். படிப்பின்மை, காது மந்தம், கண் மங்கல், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, ஊளைச்சதை, புகை, குடி, தலையில் அடி, உடம்பை அசைக்காமை, மனச்சோர்வு, தனிமை, கெட்ட காற்று என்பவை அவை. இவை எல்லாவற்றையும் கவனித்தால் 100-க்கு 45 பங்கு வரை தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியலாம் என்கிறார்கள்.

இதில் படிப்பின்மையும் ஒரு காரணம் என்பதைக் கவனியுங்கள். இந்தப் புதுக்கோட்டையிலேயே பிறந்த முத்துலட்சுமி ரெட்டியார் மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது, பெண் சேரக்கூடாதென்று ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். ராஜாவின் உத்தரவின் மேல் சேர்ந்தார்; பிறகு பெரிய டாக்டரானார். அவருக்காவது ராஜா இருந்தார். மற்றப் பெண்களுக்கு யார் இருந்தார்கள்? தலைமுறை தலைமுறையாய் இவர்களுக்கு எழுத்தை மறுத்துவிட்டு, கடைசியில் புத்தி தடுமாறும்போது, எழுத்தை மறுத்தவர்களே வந்து தலையெழுத்து என்று சொல்லுகிறார்கள். இதைவிட அக்கிரமம் உண்டா?

கூடை சுமந்தது யார்?

அடுத்தபடியாக, புருஷர்களாகிய நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

என் மனைவிக்கு மறதி என்று தெரிந்தவுடன் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, “இனி உனக்கு யார் சோறாக்கிப் போடுவார்கள்?” என்பதுதான். அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது யோசனை, “மருமகளை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்” என்பது. புருஷன் குத்துக்கல் போல் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை!

நளாயினி என்பவள் குஷ்டம் பிடித்த புருஷனைக் கூடையில் வைத்துச் சுமந்தாள் என்று கதை சொல்லுகிறார்கள். அதைக் கேட்டு நம் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். சரி, வியாதிக்காரப் பெண்ஜாதியைக் கூடையில் வைத்துச் சுமந்த புருஷன் கதையை எந்தப் பாகவதராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? இல்லை. ஏனில்லை? கதை கட்டியவர்கள் ஆண்கள். சுமக்கிறது பெண் தர்மம். சுமக்கப்படுவது ஆண் உரிமை என்று வைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு வியாதி வந்தால், பிறந்த வீட்டுக்கு அனுப்பு. இல்லாவிட்டால் இன்னொருத்தியைக் கட்டிக்கொள். இதுதானே நடந்து வந்திருக்கிறது?

எங்கள் கலியாணம் புரோகிதரில்லாமல், மாலை மாற்றி, நண்பர்களாய் வாழ்வோமென்று நாலு பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட கலியாணம். அப்படிப்பட்ட கலியாணம் செல்லுமென்று 1967-இல் சட்டமும் ஆகியிருக்கிறது. தாலி கட்டி, மந்திரம் சொன்னவனுக்காவது, எனக்கு அர்த்தம் தெரியாது என்று தப்பித்துக்கொள்ள இடமுண்டு. புரிந்த பாஷையில் ஒப்பந்தம் பேசியவனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கடன் பத்திரத்துக்குக் கெடு வருவதுபோல, அந்த ஒப்பந்தத்துக்கு இப்போது கெடு வந்திருக்கிறது. நான் அதைக் கட்டுகிறேன். இதில் தியாகமும் இல்லை, புண்ணியமும் இல்லை. பெண்ஜாதியைக் கவனிக்கிற புருஷனைத் தெருவே கூடி மெச்சுகிறது. அதே காரியத்தை மூன்றாவது வீட்டில் ஒரு அம்மாள் தன் புருஷனுக்கு எட்டு வருஷமாய்ச் செய்து வருகிறாள். அவளை மெச்ச ஒரு ஆளைக் காணோம்!

நாங்கள் செய்து வருவது

இனி, நாங்கள் வீட்டில் செய்து வருவதைச் சொல்லுகிறேன். தவறிப் பிறகு திருத்திக்கொண்டவையே இவற்றில் அதிகம்.

முதலாவது, பரீட்சை வைப்பதை விட்டேன். “இவர் யாரு சொல்லு பார்ப்போம்?”, “காலையில என்ன சாப்பிட்டே?” என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். இது அன்பல்ல, அவமானம். இப்போது நானே முந்திக்கொண்டு, “நம்ம அறந்தாங்கி அத்தாச்சி வந்திருக்காங்க” என்று சொல்லிவிடுகிறேன். அவள் தலை குனிய வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரே கேள்வியை ஐந்தாம் தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்டதுபோலவே பதில் சொல்லுகிறேன். அவளுக்கு அது முதல் தரந்தான். “இப்பத்தானே சொன்னேன்” என்ற வார்த்தையை எங்கள் வீட்டிலிருந்து தள்ளிவைத்துவிட்டோம். கோபம் வராமல் இல்லை. வந்தால் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறேன்.

மூன்றாவது, அறிவொளி நாளில் அவள் எழுத்துச் சொல்லிக் கொடுத்த கரும்பலகையைப் பரணிலிருந்து இறக்கி அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தேதி, கிழமை, இன்றைய வேலை, மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவள் அவளே, நான் பக்கத்தில் நிற்கிறேன். சாவிக்கு ஒரே ஆணி. கண்ணாடிக்கு ஒரே மாடம். எந்தச் சாமானையும் இடம் மாற்றுவதில்லை.

நான்காவது, அவளால் முடிகிற வேலையைப் பிடுங்குவதில்லை. பூக்கட்டுவதில் அவள் விரல் இன்றைக்கும் தப்புவதில்லை. மூளையில் சேதி தங்கும் இடம் வேறு, கைப்பழக்கம் தங்கும் இடம் வேறு என்று டாக்டர் சொன்னார். ஆனால் அடுப்பு பற்றவைக்கும்போது இரண்டு பேரும் இருக்கிறோம். சைக்கிளை விடச் சொல்லி மகன் சொன்னான். அவள் அழுதாள். பிறகு மூவரும் உட்கார்ந்து பேசி, தனியாய்க் கீரமங்கலம் போவதில்லை, ஊருக்குள் நான் பக்கத்தில் வர ஓட்டுவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு அவள் வாயால் வந்தது. ஆகவே அவள் அதை மறந்தாலும் கரும்பலகையைப் பார்த்துத் தன் கையெழுத்தென்று ஒப்புக்கொள்ளுகிறாள்.

ஐந்தாவது, அக்கம்பக்கத்தாரிடமும் கமிஷன் கடைக்காரரிடமும் பஸ்காரர்களிடமும் உள்ளதைச் சொல்லியிருக்கிறோம். அவள் பையில் என் டெலிபோன் நெம்பர் எழுதிய சீட்டு இருக்கிறது. மூடி வைத்திருந்த காலத்தில் ஊர் சிரித்தது. சொன்ன பிறகு ஊர் காவல் காக்கிறது.

ஆறாவது, ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் இருவரும் பார்த்துக்கொள்ளுகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். டாக்டர் தூரம் என்ற சாக்கும் முன்போல் செல்லாது. 2010 முதல் சென்னை ஸ்கார்ஃப் ஸ்தாபனத்தார் இந்த ஜில்லாவின் கிராமங்களுக்கே ஒரு பஸ்ஸைக் கொண்டு வந்து, மனநோய்க்காரர்கள் அதிலிருந்தபடியே சென்னை டாக்டரைத் திரையில் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். புதுக்கோட்டையில் சர்க்கார் வைத்தியக் கல்லூரியே 2017-இல் வந்துவிட்டது. இந்த வியாதியை அடியோடு மாற்றும் மருந்து இன்றைக்கு இல்லை. சிலருக்குச் சில காலம் தள்ளிப் போட உதவும் மருந்துண்டு. முழுக்க மாற்றிவிடுகிறேன் என்று எவனாவது லேகியம் விற்றால் அவனைக் கோடங்கிக்குத் தம்பியென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியதை இப்போதே எழுதுங்கள்

இன்னொரு முக்கியமான சங்கதி. ஞாபகம் நன்றாயிருக்கும்போதே எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும். பவர் பத்திரம் இருந்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனத்தை இழந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது. உயில் எழுதுவதற்கும் தெளிந்த புத்தி வேண்டும். ஆகவே பாங்குக் கணக்கை இருவரில் எவரும் எடுக்கும்படி மாற்றினோம். தோட்டம் அவள் பேரில் இருக்கிறது. அதற்கு அவள் இஷ்டப்படி உயில் எழுதினாள். மகளுக்கும் சரிபங்கு என்று எழுதினாள். மகன் முகம் கொஞ்சம் சுருங்கிற்று; பிறகு தெளிந்தது. அதற்காக நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல எனக்குப் பாத்தியமும் இல்லை.

2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, பின்னால் தனக்கு என்ன வைத்தியம் செய்யலாம், செய்யக்கூடாது என்பதையும், தன் சார்பில் பேச யார் என்பதையும் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஞாபகத்தைக் கெடுக்கும் கடுமையான கோளாறும் அந்தச் சட்டத்தில் அடங்கும். “என்னைக் கட்டிப் போடக்கூடாது, கோவில் குளம் என்று இழுக்கக்கூடாது” என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினோம். மந்திரியாயிருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் இந்த வியாதியில் விழுந்த பிறகு, அவரை யார் வைத்துப் பார்ப்பது, யார் வந்து பார்ப்பது என்ற தகராறு 2010-இல் டில்லி ஹைக்கோர்ட்டு வரைக்கும் போயிற்று. அத்தனை பெரியவருக்கே அப்படியென்றால் நமக்கு எம்மாத்திரம்?

துணைக்கும் துணை வேண்டும்

கடைசியாக, பார்த்துக்கொள்ளுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் அவள் எழுந்து நடக்கும் நாட்களில் எனக்குத் தூக்கமில்லை. நாலைந்து மாதத்தில் எனக்கே ரத்தக் கொதிப்பு ஏறிற்று. தானே எல்லாம் செய்வேன் என்பது வீம்பு. இப்போது வாரத்தில் ஒரு நாள் மகனும் ஒரு நாள் மகளும் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். மகன் சோறாக்குகிறான். நான் கடைத்தெருவுக்குப் போய் நாலு பேருடன் பேசிவிட்டு வருகிறேன். பேச ஆளில்லாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் நெம்பரும், முதியோருக்காக 14567 என்ற நெம்பரும் இருக்கின்றன. இந்தச் சங்கத்துத் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். கூட்டத்துக்குக் கொடி கட்ட வருகிறீர்கள், சந்தோஷம். மாதத்தில் ஒரு அந்திப்பொழுது இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரரை வெளியே உலாவ அனுப்புங்கள். பகுத்தறிவுப் பிரசாரத்தில் இதுவும் சேரும்.

தோழர்களே! மனிதனுக்குச் சுயமரியாதை எதனால் உண்டாகிறது? ஞாபக சக்தியினாலா? அப்படியானால் அது சுலோகங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கே சொந்தமாய்ப் போய்விடும்! மனிதன் மனிதனாயிருப்பதனாலேயே அவனுக்கு மானம் உண்டு என்பதுதான் நம் கொள்கை. சாதியைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தக்கூடாதென்றால், பெண்ணென்று காட்டி ஒருவரைத் தாழ்த்தக்கூடாதென்றால், மறதியைக் காட்டி மாத்திரம் தாழ்த்தலாமா? அந்தக் கொள்கையை மேடையில் பேசுவது சுலபம். ஒரே கேள்வியை ஐந்தாம் தரம் கேட்கிறவளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில்தான் அதற்குப் பரீட்சை. அந்தப் பரீட்சையில் நான் பல நாள் தவறியிருக்கிறேன். நாளைக்கும் தவறலாம்.

அவள் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அவள் என்னை மறக்கும் நாள் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், வாசலில் நிற்கிற அந்நியனுக்குக் கொடுக்கிற மரியாதையை அவள் எனக்குக் கொடுப்பாள்; அவள் சுபாவம் அப்படி. அவளுக்கு நான் கொடுக்கிற மரியாதையில் குறைவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் காரியம். இப்போது நேரமாகிவிட்டது. அவள் அந்தப் பெண்கள் வரிசையிலிருந்து என்னைப் பார்க்கிறாள். வீட்டுக்குப் போய்க் கரும்பலகையில் நாளைய தேதியை எழுத வேண்டும். அவளைப் பாவமென்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.